டிராப்பர் சீட் போஸ்ட் வாங்கறதுக்கு முன்னாடி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வத்தல்மலை ஏத்தத்துல பாதி தூரம் ஏறியிருப்பேன், உக்காந்திருக்க சீட்டு மெதுவா கீழ போற மாதிரி இருந்துச்சு. முதல்ல அசதினு நெனச்சேன். அடுத்த கொண்டை ஊசி வளைவு வர்றதுக்குள்ள முட்டி ரெண்டும் நெஞ்சுகிட்ட வந்துருச்சு, எறங்கி பாத்தா டிராப்பர், அதாவது ஓட்டும்போதே ஏத்தி எறக்கற சீட்டுக் கம்பம், மூணு விரக்கடை உள்ள போயிருக்கு. லீவரை அமுக்கி மேல இழுத்து விட்டு ஏறி உக்காந்தேன், அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் அதே கதை. அன்னைக்கு மேல போய் சேர்றதுக்குள்ள எத்தனை தடவை எறங்கி எறங்கி ஏறினேன்னு கணக்கே இல்ல, ரெண்டு நாள் முட்டி வலி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின போஸ்ட் அது, பேரு பெரிய பேரு, படத்துல பளபளன்னு இருந்துச்சு. ரிப்பேர் பண்ணலாம்னு விசாரிச்சா உள்ள நைட்ரஜன் ஏத்தணும், அதுக்கு தனி கருவி வேணும், பெங்களூருக்கு கொண்டு போங்கன்னுட்டாங்க.

அதுக்கப்பறம் நானே மூணு போஸ்ட் மாத்தி, கூட ஓட்டற பசங்களுக்கு ஏழெட்டு போஸ்ட் மாட்டிக் குடுத்து கத்துக்கிட்டதைதான் இங்க எழுதறேன். நம்ம ஊர்ல நம்பகமான டிராப்பர்னா, கெட்டுப்போனா நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து நம்மளே சரி பண்ணிக்க முடியற டிராப்பர்தான். பிராண்ட், டிராவல் (சீட்டு ஏறி எறங்கற தூரம்), எடை எல்லாம் அதுக்கு அப்பறம்தான் வரும்.

உங்களுக்கு இது வேணுமானு முதல்ல பாருங்க

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஹேண்டில்பார்ல ஒரு லீவர், அதை அமுக்கிட்டு சீட்ல உக்காந்தா சீட்டு கீழ போயிரும், உக்காராம அமுக்கினா தானா மேல வந்துரும். ஏத்தத்துல கால் நல்லா நீண்டு மிதிக்க சீட்டு உயரமா இருக்கணும், எறக்கத்துல உடம்பை பின்னாடி தள்ளி கீழ எறக்க சீட்டு நடுவுல முட்டக் கூடாது. ரெண்டையும் வண்டிய நிறுத்தாம பண்றதுக்குதான் இது.

யோசனை ரொம்பப் பழசு. 1980கள்லயே அமெரிக்காவுல ஹைட் ரைட்னு ஒரு ஸ்பிரிங் வந்துச்சு, ஓட்டிட்டு இருக்கும்போதே சீட் கிளாம்ப்போட (போஸ்ட்டை ஃபிரேம்ல இறுக்கற வளையத்தோட) க்விக் ரிலீஸை கையால தளர்த்தினா சீட்டு எறங்கும், மறுபடி தளர்த்தினா ஸ்பிரிங் மேல தள்ளிவிடும். ராக்‌ஷாக்ஸ் கம்பெனியோட ரிவெர்ப் போஸ்ட் 2010ல வந்ததுக்கு அப்பறம்தான் டிராப்பர் எல்லா பக்கமும் பரவுச்சு. 2022 மிலான் சான்ரெமோ ரேஸ்ல மாத்தேய் மோஹோரிச் ரோடு பைக்லயே டிராப்பர் மாட்டிட்டு வந்து, போஜ்ஜோ எறக்கத்துல எல்லாரையும் விட்டுட்டுப் போய் ஜெயிச்சாரு. எறக்கத்துல சீட்டு கீழ இருந்தா எவ்வளவு தைரியம் வரும்ங்கறதுக்கு அதை விட சாட்சி வேண்டியதில்ல.

ஆனா நீங்க ஓட்டறது ஹைவே சர்வீஸ் ரோடும் ஏரிக்கரை மண்ரோடும் மட்டும்னா இதுக்கு காசு போடாதீங்க, அந்த காசுல நல்ல டயர் ரெண்டு வாங்குங்க. கரட்டுல ஏறி எறங்கறவங்க, மாந்தோப்பு வழியா சரளைக்கல் தடத்துல போறவங்க, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் பாறை எறக்கம் பாக்கறவங்க, இவங்களுக்கு டிராப்பர் வந்ததுக்கப்பறம் வண்டியே வேற வண்டி. அதோட ஒண்ணு, அஞ்செட்டி, மேலகிரி பக்கம் காப்புக்காடு, சரணாலயம் எல்லாம் அனுமதி இல்லாம உள்ள போற எடம் இல்ல, யானை நடமாட்டம் இருக்கற காடு அது. ஊரைச் சுத்தி இருக்கற வண்டித்தடமும் பொறம்போக்கு கரடுமே நமக்கு தாராளமா போதும்.

விட்டம்: 0.7 மில்லிமீட்டர்ல காசு போயிரும்

இப்ப வண்டியில இருக்கற சீட் போஸ்ட்டை வெளிய உருவுங்க. அடியில, இதுக்கு மேல தூக்காதேன்னு கோடு போட்டிருக்கற எடத்துக்கு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். 27.2, 30.9, 31.6, 34.9 இதுல ஏதோ ஒண்ணா இருக்கும், சில பட்ஜெட் வண்டியில இதுக்கு நடுவுல வேற நம்பரும் வரும். நம்பர் அழிஞ்சிருந்தா லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க, வெர்னியர்ல ஒரு நிமிஷத்துல பாத்து சொல்லிடுவாங்க. ஸ்கேல் வெச்சு அளக்காதீங்க, 30.9க்கும் 31.6க்கும் 0.7 மிமீதான் வித்தியாசம், கண்ணுக்கு தெரியவே தெரியாது. சீட் கிளாம்ப் மேல எழுதியிருக்கற நம்பரை பாத்து ஆர்டர் போட்டவங்களும் உண்டு, அது ஃபிரேமோட வெளி அளவு, போஸ்ட்டோட அளவு கிடையாது.

போஸ்ட் சின்னதா, குழாய் பெருசா இருந்தா ஷிம்னு ஒரு அலுமினிய வளையத்தை போட்டு மாட்டிக்கலாம். 31.6 ஃபிரேமுக்கு 30.9 போஸ்ட் அப்படி நல்லாவே ஓடும். தலைகீழா நடக்காது, பெரிய போஸ்ட்டை சின்ன குழாய்ல ஏத்த ராவறது தேய்க்கறது எல்லாம் ஃபிரேமுக்கு எமன்.

உங்களுது 27.2ன்னா சாய்ஸ் கம்மி. கேஎஸ், டிரான்ஸ்எக்ஸ், பிஎன்டபிள்யூ மாதிரி சில கம்பெனிங்க செய்யறாங்க, ஆனா உள்குழாய் மெல்லிசு, டிராவலும் கம்மியா இருக்கும், ஆட்டமும் கொஞ்சம் கூட. எடை அதிகம் இருக்கறவங்க 27.2 எடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனி எத்தனை கிலோ வரைக்கும்னு சொல்லியிருக்காங்கன்னு பாத்துக்கோங்க.

மூணு அளவு, ஒரு நூலு, ஒரு பழைய ஸ்போக்

இதைத்தான் யாரும் பொறுமையா பண்றதில்ல, ஆசைப்பட்டு 170 டிராவல் ஆர்டர் போட்டுட்டு அப்பறம் சீட்டு எட்டாம உக்காந்திருப்பாங்க. எங்க குரூப்புல காரிமங்கலத்து தம்பி ஒருத்தன், 150 வாங்கியே தீருவேன்னு நின்னான், சரி வாடா அளந்து பாத்துடலாம்னு வண்டிய எங்க வீட்டு வாசல்ல தலைகீழா இல்லாம நேரா சுவத்துல சாய்ச்சு வெச்சு அளந்தோம். அந்த கணக்கையே இங்க போடறேன், நீங்களும் அதே மாதிரி பண்ணுங்க.

முதல்ல சீட்டை உங்க மிதிக்கற உயரத்துல வைங்க. குதிகாலை பெடல் மேல வெச்சு, பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நிக்கணும், அதான் உயரம். இப்ப ஃபிரேம் குழாயோட மேல் விளிம்புல இருந்து சீட்டுக்கு அடியில ஓடற ரெண்டு கம்பி, அதான் ரெயில், அதோட நடு வரைக்கும் அளங்க. தம்பிக்கு 205 மிமீ வந்துச்சு.

ரெண்டாவது, வாங்கப்போற போஸ்ட்டோட ஸ்பெக் ஷீட்ல ஸ்டாக்னு ஒரு அளவு இருக்கும், சீட்டை முழுசா எறக்கினா காலர் (வெளிக்குழாய் வாய்ல இருக்கற வளையம்) அடியில இருந்து ரெயில் வரைக்கும் எவ்வளவுன்னு. அவன் பாத்த போஸ்ட்ல 48. டிராவலையும் இதையும் கூட்டணும், 150ம் 48ம் 198. 205க்குள்ள வந்துருச்சு, வெளிக்குழாய் 7 மிமீ மட்டும் ஃபிரேமுக்கு வெளிய தெரியும். அதே போஸ்ட் 170ன்னா 218, கால் பெடலுக்கு எட்டாது. அவ்வளவுதான் கணக்கு, இங்கயே நிறுத்தியிருந்தா தம்பி சந்தோஷமா ஆர்டர் போட்டிருப்பான்.

மூணாவது அளவுதான் ஆளைக் கவுக்கறது. போஸ்ட் ஃபிரேமுக்குள்ள எவ்வளவு தூரம் எறங்கும்? பழைய ஸ்போக் ஒண்ணையோ நேரான கம்பியையோ குழாய்க்குள்ள விட்டுப் பாருங்க. ஏதாவது ஒரு எடத்துல தட்டும். பாட்டில் கேஜ் ஸ்குரூ உள்பக்கம் நீட்டிட்டு இருக்கும், இல்ல குழாய் வளையும், ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில பிவட், அதாவது பின்பக்கம் அசையற மூட்டு, குறுக்க இருக்கும். டார்ச் அடிச்சு பாத்தோம், தம்பி வண்டியில பாட்டில் கேஜோட மேல் ஸ்குரூ உள்ள பல்லு மாதிரி நீட்டிட்டு இருந்துச்சு. அது வரைக்கும் 230 மிமீ. அந்த 150 போஸ்ட்டுக்கு காலருக்கு கீழ, அடியில கேபிள் மாட்டற பாகத்தையும் சேத்து 255, வெளிய தெரியற 7 போக 248 உள்ள போகணும். எடம் இருக்கறது 230. போகாது.

125க்கு எறங்கினோம். 125ம் 48ம் 173, வெளிய 32 தெரியும். காலருக்கு கீழ 230, அதுல 32 போக 198தான் உள்ள எறங்கணும். இன்னும் 32 மிமீ காலி இருக்கு, கேபிள் அடியில வளைஞ்சு திரும்ப அந்த காலி எடம் கட்டாயம் வேணும், மொட்டையா ஒட்டி நின்னா கேபிள் மடிஞ்சு லீவர் கல்லு மாதிரி ஆயிரும். அப்பறம் 198 உள்ள போறதால குறைஞ்சபட்ச ஆழம்னு கம்பெனி போட்டிருக்கற கோடும் தாராளமா உள்ள இருக்கு. தம்பி முகம் கொஞ்சம் வாடிச்சு, ஆனா இன்னைக்கு வரைக்கும் அந்த 125 போஸ்ட்லதான் ஓட்டறான், ஒரு குறையும் சொன்னதில்ல.

டிராவல் ரெண்டுங்கெட்டானா வந்தா, டிராவலை குறைச்சுக்க முடியற போஸ்ட்டுங்க இருக்கு. ஒன்அப்ல உள்ள சின்ன பின் வெச்சு 10 இல்ல 20 மிமீ குறைச்சுக்கலாம், பிஎன்டபிள்யூ லோம்ல 30 மிமீ வரைக்கும் டூல் இல்லாமயே குறைக்கலாம். வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வண்டிய ஓட்டறீங்கன்னா இந்த வசதி ரொம்ப ஒதவும்.

கேபிள் எந்த வழியா போகும்

ஃபிரேம்ல சீட் டியூப் அடிப்பக்கமோ டவுன் டியூப்லயோ டிராப்பருக்குன்னு ஓட்டை இருக்கானு பாருங்க. கியர் கேபிள் உள்ள போற வண்டியா இருந்தாலும் டிராப்பருக்கு தனி வழி இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க. இருந்தா இன்டர்னல் போஸ்ட் எடுங்க, கேபிள் ஃபிரேமுக்குள்ளயே ஓடறதால முள்ளுச்செடி, வேலி எதுலயும் மாட்டாது.

ஓட்டை இல்லேன்னா எக்ஸ்டர்னல் எடுங்க. அதுலயும் கேபிள் காலர்ல மாட்டறதா பாருங்க, சீட்டு தலைப்பக்கம் மாட்டற மாதிரி இருந்தா சீட்டு எறங்கும்போது கேபிள் வளைஞ்சு டயர்ல உரசும். தயவு செஞ்சு ஃபிரேம்ல டிரில் போடாதீங்க, பட்டறைல ஒரு நிமிஷ வேலைதான்னு சொல்லுவாங்க, அந்த ஓட்டையில இருந்து விரிசல் ஆரம்பிச்சா ஃபிரேமே போயிரும், எறக்கத்துல போச்சுன்னா நம்மளும் போயிருவோம்.

வயர்லெஸ்னு ஒரு வழி இருக்கு, ரிவெர்ப் ஏஎக்ஸ்எஸ் 2019ல வந்துச்சு. போஸ்ட்ல ஒரு பேட்டரி, லீவர்ல பட்டன் செல். மாட்டறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா விலை பாத்தீங்கன்னா அதுக்கு ஒரு பட்ஜெட் வண்டியே வாங்கிடலாம், சார்ஜ் போட மறந்தா சீட்டு நின்ன எடத்துலயே நிக்கும்.

உள்ள என்ன இருக்கு, இதுதான் முக்கியம்

போஸ்ட்டை வெளிய பாத்து நம்பகத்தை சொல்லவே முடியாது. சீட்டை தூக்கறதும் பிடிச்சு நிறுத்தறதும் உள்ள இருக்கற சாமான்தான், அதுல நாலு வகை இருக்கு.

சீல் பண்ணின கேட்ரிட்ஜ் ஒரு வகை. ஆயிலும் காத்தும் ஒரு குப்பிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கும், ஆஃபீஸ் சேர்ல உயரம் ஏத்தி எறக்கற ராடு இருக்கு பாருங்க, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். இது கெட்டுப்போனா ரிப்பேர் கிடையாது, கழட்டிப் போட்டுட்டு புது கேட்ரிட்ஜ் மாட்டணும். கேக்க ஏதோ வீண் செலவு மாதிரி தெரியும், ஆனா நம்ம ஊருக்கு இதுதான் வரம். ரெண்டு ஸ்பேனரும் ஒரு அல்லன் கீ செட்டும் இருந்தா அரை மணி நேரத்துல மாத்திடலாம். டிரான்ஸ்எக்ஸ், எக்ஸ்ஃபியூஷன் மேனிக், பிஎன்டபிள்யூ, ஒன்அப் இதெல்லாம் இந்த ஜாதி. வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இந்த போஸ்ட்டுக்கு கேட்ரிட்ஜ் தனியா விக்கறீங்களா, இப்ப ஸ்டாக்ல இருக்கா? இழுத்தாங்கன்னா வெச்சுட்டு வந்துருங்க. நான் புது போஸ்ட் வாங்கும்போது கேட்ரிட்ஜும் ஒண்ணு சேத்து வாங்கி பீரோல வெச்சிட்டேன்.

ரெண்டாவது, கம்பெனிலதான் திறக்கணும்ங்கற ஹைட்ராலிக் வகை. ஃபாக்ஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரி போஸ்ட் ஓடற வரைக்கும் பட்டு மாதிரி ஓடும், அதுல சந்தேகமே இல்ல. முழு சர்வீஸுக்கு ஸ்பெஷல் டூலும் கேஸ் ஏத்தற ஏற்பாடும் வேணும். ரிவெர்ப்போட பழைய மாடல்ல லீவர்ல இருந்து போஸ்ட் வரைக்குமே ஆயில்தான், கேபிள் கிடையாது, குழாய் அறுந்தா ப்ளீட் கிட் (ஆயில் நிரப்பி காத்தை வெளியேத்தற செட்) இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. ஓசூர்ல இருக்கறவங்களுக்கு பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், அவங்க யோசிக்கலாம். அரூர்லயும் பாப்பிரெட்டிப்பட்டிலயும் இருக்கறவங்க வேண்டாம்.

மூணாவது, ஹைட்ராலிக்தான், ஆனா காத்து கலந்துட்டா ஓட்டறவங்களே சரி பண்ணிக்கற மாதிரி வழி வெச்சிருக்கறது. பைக்யோக் ரிவைவ்ல சீட்டுக்கு அடியில ஒரு சின்ன வால்வு இருக்கு, அதை திருப்பி சீட்டை கீழ அமுக்கி மறுபடி மூடினா போதும், மெத்துமெத்துன்னு இருந்த போஸ்ட் கல்லு மாதிரி நின்னுரும். காசு இருந்தா இது நல்ல சாமான்.

நாலாவது வெறும் ஸ்பிரிங்கும் பின்னும். ரெண்டு மூணு உயரத்துல மட்டும் டக்குனு நிக்கும், நடுவுல நிக்காது. ஆயிலே இல்லாததால லீக் ஆக ஒண்ணுமே இல்ல. எங்கயாவது நல்ல நிலைமையில கிடைச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. புது போஸ்ட்லயே சீட்டு மூக்கைப் பிடிச்சு பக்கவாட்டுல திருப்பினா கொஞ்சம் அசையும், பயப்படாதீங்க, உள்ள பித்தளை கீ காடியில ஓடறதுக்கு அந்த சின்ன எடைவெளி வேணும். முன்னும் பின்னும் லொடக்குனு ஆடுச்சுன்னாதான் புஷ் (உள்குழாயை தாங்கற வளையம்) தேஞ்சிருக்குனு அர்த்தம்.

லீவர்

பெடல்கிட்ட ஒரே பல்சக்கரம் இருக்கற வண்டின்னா இடது பக்கம் காலியா இருக்கும், கியர் லீவர் மாதிரி பாருக்கு அடியில வர்ற லீவர் எடுங்க, கட்டை விரல் தானா அங்க போகும். பெடல்கிட்ட ரெண்டு மூணு பல்சக்கரம் இருந்தா அந்த எடத்துல ஷிஃப்டர் இருக்கும், பாருக்கு மேல வர்ற லீவர்தான் வழி. போஸ்ட்டோட வர்ற லீவர் பல நேரம் தகரம் மாதிரி இருக்கும், பேரிங் போட்ட லீவர் தனியா வாங்கி மாட்டிக்கலாம், கேபிள் டிராப்பர்ல பெரும்பாலும் எந்த லீவரும் எதுக்கும் சேரும். கேபிள்ல ஓடற போஸ்ட் எடுங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், கியர் கேபிள் எந்த சைக்கிள் கடையிலயும் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்கன்னா

நேர்ல பாக்காம வாங்கவே வாங்காதீங்க, வத்தல்மலை கதை ஒண்ணு போதும். நேர்ல போனதும் சீட்டை முழுசா தூக்கி விட்டு, அந்த வழவழ உள்குழாயை, ஸ்டான்ஷன்னு சொல்றாங்களே அதை, வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்து நகத்தை மேலயும் கீழயும் ஓட்டுங்க. நகம் சிக்கற கீறல் இருந்தா அது சீலை அறுத்துட்டே இருக்கும். அப்பறம் சீட்டை பாதி உயரத்துல நிறுத்தி காலருக்கு மேல ஒரு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுட்டு அது மேல முழு எடையும் போட்டு அஞ்சு நிமிஷம் உக்காருங்க, விக்கறவங்ககிட்ட பேச்சு குடுத்துட்டே. டேப்புக்கும் காலருக்கும் நடுவுல எடைவெளி குறைஞ்சிருந்தா கேட்ரிட்ஜ் போச்சு. அடுத்தது, சீட்டை முழுசா எறக்கி லீவரை விட்டுட்டு சீட்டைப் பிடிச்சு வண்டிய தூக்குங்க, சீட்டு மேல வந்தா உள்ள பூட்டு பிடிக்கல, இல்ல ஆயில்ல காத்து கலந்திருக்குனு அர்த்தம். விக்கறவங்க முன்னாடி ஒரே ஒரு தடவை சோதனைக்குதான் இது, வழக்கமா இப்படி தூக்கக் கூடாது, ஏன்னு கீழ சொல்றேன்.

கேட்ரிட்ஜ் போனதா தெரிஞ்சு, புது கேட்ரிட்ஜ் கிடைக்கற மாடலா இருந்து, அந்த விலைய கழிச்சுக் குடுத்தா தாராளமா வாங்கலாம். ஸ்டான்ஷன் கீறல் இருந்தா மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

மாட்டறது

வண்டிய ஸ்டாண்ட்ல போட்டுட்டு, ஃபிரேம் ஓட்டை வழியா பழைய கியர் கம்பி ஒண்ணை விட்டு அதை வழிகாட்டியா வெச்சு அவுட்டர் கேபிளை (வெளி உறையை) உருவுங்க. கம்பி வர மறுத்தா நூல் நுனியில சின்ன பிளாஸ்டிக் துண்டு கட்டி ஒரு பக்கம் விட்டு, இன்னொரு பக்கம் வேக்யூம் கிளீனரை வெச்சு இழுங்க, வந்துரும்.

கேபிளோட குண்டு எந்த பக்கம் மாட்டற போஸ்ட்டுன்னு பாத்துக்கோங்க. குண்டு போஸ்ட் அடியில மாட்டி, லீவர் பக்கம் ஸ்குரூ வெச்சு பிடிக்கற மாதிரி இருந்தா வேலை சுலபம், டென்ஷன் வைக்கறது வெட்டறது எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். தலைகீழா இருந்தா அடியில வெளிய நீட்டற கம்பி நீளத்தை மேனுவல்ல சொன்ன மிமீ கணக்குல வெட்டணும், கண் மதிப்புல வெட்டாதீங்க. அவுட்டரை வெட்டறதுக்கு முன்னாடி ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, அப்ப இழுக்காத நீளம்தான் சரியான நீளம்.

போஸ்ட்டை உள்ள எறக்கும்போது இன்னொரு ஆளு முன்னாடி நின்னு கேபிளை மெதுவா இழுத்துட்டே வரணும், இல்லேன்னா உள்ள சுருண்டுக்கும். அலுமினிய ஃபிரேம்னா குழாய்க்குள்ள லேசா கிரீஸ், கார்பன்னா கார்பன் பேஸ்ட். சீட் கிளாம்ப்பை 5 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இறுக்கணும், ஃபிரேம்ல வேற நம்பர் எழுதியிருந்தா அதுதான் கணக்கு. சீட்டு திரும்பக்கூடாதேன்னு பலம் கொண்ட மட்டும் இறுக்கறது நம்ம வழக்கம், டிராப்பர்ல அது கூடாது, வெளிக்குழாய் மெல்லிசு, நசுங்கினா உள்குழாய் பிடிச்சுக்கும், சீட்டு ஏறவே ஏறாது. புது போஸ்ட் மெதுவா ஏறுதுன்னு என்கிட்ட கொண்டு வந்த வண்டியில பாதி, கிளாம்ப்பை கால் சுத்து தளர்த்தினதுமே சரியாயிருக்கு.

கடைசியா கேபிள் டென்ஷன். லீவர்ல ஒரு துளி மட்டும் லூஸ் இருக்கணும். கேபிள் இழுத்துப் பிடிச்சிருந்தா வால்வு முழுசா மூடாது, சீட்டு தானா எறங்கும், கேட்ரிட்ஜ் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கிருவோம். ரொம்ப லூஸா இருந்தா சீட்டு சோம்பேறியா ஏறும். அதனால எந்த போஸ்ட் மக்கர் பண்ணினாலும் முதல்ல லீவர்கிட்ட இருக்கற திருகை அரை சுத்து திருப்பிப் பாருங்க, அப்பறம் கிளாம்ப், கேட்ரிட்ஜ் கடைசி.

செம்மண்ணுல வெச்சு காப்பாத்தறது

நம்ம பக்கத்து தூசி சாதாரண தூசி இல்ல. செம்மண்ணு மாவு மாதிரி, அதோட கிரானைட் லாரி ஓடற தடத்துல பாறைத்தூளும் சேரும். போன சித்திரையில கிருஷ்ணகிரி டேம் பக்கம் மாந்தோப்புங்க வழியா நாலு வாரம் தொடர்ந்து ஓட்டிட்டு, சீட்டு ஏறும்போது கரக்குனு ஒரு சத்தம் வந்துச்சுன்னு திண்ணையில உக்காந்து காலரை திறந்தேன். கையாலயே திருகற காலர்தான். சீல் உதட்டுக்கு உள்பக்கம் செங்கல் கலர்ல ஒரு பசை, விரல்ல எடுத்து தேச்சா உப்புத்தாள் மாதிரி நறநறங்குது. கிரீஸோட செம்மண்ணு கலந்து ஆனது அது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா ஸ்டான்ஷன்ல கோடு விழுந்திருக்கும். சுத்தமான பருத்தித் துணியில அதை முழுக்க வழிச்சு எடுத்துட்டு, மூணு பித்தளை கீயையும் தொடச்சு, புது கிரீஸ் தடவி மூடினேன், இருவது நிமிஷம்தான் ஆச்சு, சத்தம் போயிருச்சு.

கீயை கழட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல படம் எடுத்துக்கோங்க, எது எந்த காடியில எந்த பக்கம் பாத்து இருந்துச்சோ அப்படியே திரும்பப் போகணும், மாத்திப் போட்டா ஆட்டம் வரும். கிரீஸ் சஸ்பென்ஷனுக்குன்னு விக்கற மெல்லிசு கிரீஸா இருக்கணும், டிராக்டருக்கு அடிக்கற கிரீஸை வெச்சா போஸ்ட் நகராது. செயின் ஆயில், துரு எடுக்கற ஸ்ப்ரே எதையும் ஸ்டான்ஷன் மேல அடிக்காதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் கரைஞ்சு தூசிய கூப்பிட்டு உக்கார வெச்சுக்கும். பைக் வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர் தண்ணி அடிக்கறதும் வேண்டாம், சீல் வழியா தண்ணி உள்ள போயிரும். வெயில் காலத்துல மாசம் ஒரு தடவை காலர் திறங்க, மழைக்காலத்துல சேறு பட்ட அன்னைக்கே ஈரத்துணில துடைச்சா போதும்.

இன்னொரு பழக்கம். சீட்டு எறங்கியிருக்கும்போது சீட்டைப் பிடிச்சு வண்டிய தூக்காதீங்க. வேலி தாண்டும்போது, பஸ் மேல ஏத்தும்போது நம்ம கை தானா சீட்டுக்குதான் போகும். வண்டி எடை போஸ்ட்டை வெளிய இழுக்கும், ஹைட்ராலிக்ல அப்படித்தான் காத்து ஆயிலுக்குள்ள போகுது, அதுக்கப்பறம் சீட்டு பஞ்சு மாதிரி ஆயிரும். ஃபிரேமைப் பிடிச்சு தூக்குங்க, இல்ல சீட்டை முழுசா மேல ஏத்திட்டு தூக்குங்க. ரிப்பேர் ஸ்டாண்ட்ல மாட்டும்போதும் ஸ்டான்ஷனை கவ்வ விடாதீங்க.

வழியில படுத்துட்டா

சொட்டு நீர் சாமான் விக்கற கடையில பிவிசி பைப் துண்டு ஒண்ணு வாங்குங்க, உள் அளவு ஸ்டான்ஷனை விட கொஞ்சம் பெருசா. உங்க போஸ்ட் முழுசா ஏறினா எத்தனை மிமீ ஸ்டான்ஷன் தெரியுதோ அதே நீளத்துக்கு அறுத்து, நீளவாக்குல மூணுல ஒரு பங்கை வெட்டி எடுத்துருங்க, சி மாதிரி வரும். உள்பக்கம் துணி டேப் ஒட்டிட்டா கீறாது. போஸ்ட் எறங்க ஆரம்பிச்சா சீட்டை மேல இழுத்து இதை ஸ்டான்ஷன்ல மாட்டி மேல டேப் ஒரு சுத்து சுத்தினா போதும், சீட்டு காலர் மேல நின்னுக்கும், மெதுவா ஓட்டிட்டு வீடு வந்து சேந்துரலாம். நான் அறுத்தது 125 மிமீ, எடை ஒண்ணுமே இல்ல, பம்ப் பக்கத்துல ஃபிரேம்ல கட்டியே வெச்சிருக்கேன். போன மாசம் பாலக்கோடு தாண்டி கூட வந்தவர் போஸ்ட் படுத்துச்சு, அவரோட போஸ்ட்டுக்கும் அதே நீளம்தான், மாட்டிக் குடுத்தேன், முப்பது கிலோமீட்டர் உக்காந்தே மிதிச்சு வந்தாரு.